பேரி மரத்தைக் கருக்கும் கிருமியும் அதன் பரம்பரைக் குணமும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)

கிருமி ஒன்று மரத்தில் குடிபுகுந்தால் மரம் கெட்டேபோகும் என்று எண்ணுவது சகஜம். அது முழு உண்மையன்று. அமெரிக்க தேசத்துப் பேரிக்காய்த் தோப்புகளில் நிகழ்ந்தது இதற்குத் தக்க திருஷ்டாந்தமாகும்.

நியூயார்க் மாகாணத்தில் ஹட்ஸன் நதிப் பிரதேசத்தில் 1780-ம் வருஷ வாக்கில் அம்மரங்களுக்கு ஒரு வியாதி கண்டது. பூக்கள் வாடிக் கறுத்தன. இளங்கிளைகளின் நுனி இடையன் தொரட்டியைப் போல் வளைந்து தொங்கிற்று. இலைகள் உதிராமல், தீயில் வாட்டியவைபோல் கிளையிலேயே நின்றன. ஆகவே தீக்கருகல் என்று பெயர் வந்தது. ஒரே பருவத்தில் முழு மரமும் பட்டுப்போவதுண்டு. வெயில் என்றும், பூச்சி என்றும் பலவாறு கூறிவந்தனர். இல்லினாய் சர்வகலாசாலை ஆசிரியர் பரில் என்பவரே 1878 முதல் ஆராய்ந்து, பாக்டீரியா என்னும் நுண்கிருமி காரணமென்று கண்டார். ஆர்தர் என்பவர் 1885-ல் அதைச் சந்தேகமற நிலைநாட்டினார். பூவுக்குப் பூ அதைச் சுமந்து செல்வன தேனீக்கள் என்பது 1891-ல் வெளியாயிற்று.

இக்கிருமிக்குப் பங்காளிகள் சில உண்டு. அவை அதே பூவில் வாழ்ந்தும் மரத்துக்கு யாதொரு தீங்கும் செய்வதில்லை. வித்தியாசம் ஜீன்களில் இருக்கிறது. தாயிடமிருந்து சேய்க்கு இறங்கும் குணங்களின் குறிப்பே ஜீன் எனப்படும். சம்பா விதைத்தால் சம்பாவே விளைவதும் இதனாலேயே.

தீக்கருகல் கிருமியினிடம் ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் அமைந்த சில ஜீன்கள், ஊசி போன்ற மிக நுண்ணிய குழாயை உண்டாக்குகின்றன. அதன் வழியே கிருமி தன் புரதங்களை மரத்தின் உயிரணுக்களுக்குள் செலுத்துகிறது. அவற்றுள் முக்கியமானது டி.எஸ்.பி.இ. என்பது. ஆராய்ச்சிசாலையில் அந்த ஒரு ஜீனை மாத்திரம் கெடுத்துவிட்டு, அக்கிருமியைப் பேரியில் ஏற்றிப் பார்த்தார்கள், நோய் உண்டாகவில்லை. வேறொரு ஜீன் கூட்டம் அமைலோவரான் என்னும் கோந்து போன்ற வஸ்துவைச் செய்கிறது. கிருமி அதைப் போர்த்துக்கொண்டு மரத்தின் எதிர்ப்பிலிருந்து தப்புகிறது. மரத்தின் நீர்க்குழாய்களும் அதனால் அடைபடுகின்றன. கோந்து செய்ய இயலாத கிருமியாலும் நோய் வருவதில்லை. திருடனுக்குக் கன்னக்கோலும் வேண்டும், கருங்கம்பளியும் வேண்டும். ஒன்றில்லையேல் அவன் வெறும் வழிப்போக்கன்.

சுமார் 38 லட்சம் எழுத்துக்கள் கொண்ட இதன் ஜீன் ஏடு 2010-ல் முழுவதும் படிக்கப்பட்டது. பல தேசத்துத் தோப்புகளில் எடுத்த கிருமிகளும் பெரும்பாலும் ஒரே அச்சாக இருக்கின்றன. இங்கிலாந்தில் 1957-ல் தோன்றியதும் அமெரிக்கக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஆயினும் இக்கிருமி மாறவே மாறாது என்று நம்பினவர்கள் நஷ்டப்பட்டனர். 1950-களில் பூக்காலத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைத் தெளிக்கத் தொடங்கினார்கள். நல்ல பலன் கிடைத்தது. 1971-ல் காலிபோர்னியாவின் பேரித் தோப்புகளில் அம்மருந்துக்கு அடங்காத கிருமி காணப்பட்டது. அங்கே ஒரு ஜீனில் ஓர் எழுத்து மாறினதே காரணம். பின்னர் மிச்சிகன் மாகாணத்தில் கண்டது இன்னும் விசித்திரம்: மருந்தை முறிக்கும் ஜீன்களை அக்கிருமி வேறு கிருமிகளிடம் இரவல் வாங்கியிருந்தது! மருந்தின்மேல் குற்றம் சுமத்துவதில் பயனில்லை. வருஷந்தோறும் ஓயாமல் தெளித்ததால், அடங்கும் கிருமிகள் மடிந்து அடங்காதவையே மிஞ்சிப் பெருகின.

இப்பொழுது அங்கே தீங்கற்ற சூடோமோனாஸ் கிருமியைப் பூக்காலத்தில் தெளித்து, தீக்கருகல் கிருமிக்கு முன்பே பூவில் இடம் பிடிக்கச் செய்வதும் உண்டு. இது ஓரளவே உதவும். ஒருவர் கிளையை வெட்டி, அண்டைத் தோப்புக்காரர் வெட்டாமல் விட்டால், தேனீ வேலியைப் பார்ப்பதில்லை. ஆகையால் கருகல் தெரியும் இடத்துக்குக் கீழே எட்டு முதல் பன்னிரண்டு அங்குலம் நல்ல கட்டையையும் சேர்த்து வெட்டி, வெட்டியதைத் தோப்பில் கிடக்கவிடாமல் அப்புறப்படுத்துகிறார்கள்.