ஏணியும் செயற்கைக்கோளும்

  

கல்வியியல் துறை நண்பர்களோடு எனக்குள்ள வழக்கு உங்களில் பலர் அறிந்தது. கல்வித் தொழில்நுட்பம் பயிலப் புதிதாக வருபவருக்கு முதலில் எதைக் காட்டுவது? திரையையும் கணினியையும் என்பார்கள் அவர்கள். பாடத்தின் வடிவமைப்பை என்பேன் நான். பிள்ளை எதைச் செய்துகாட்டினால் கற்றதாகக் கொள்வோம், அதற்குப் படிகள் எவை, இடறினால் எந்தப் படிக்குத் திரும்புவது என்று முடிவு செய்வதே கற்பித்தல் வடிவமைப்பு. கருவி அதற்குப் பின்னால் வரவேண்டியது.

2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஜுசாட் ஏவப்பட்டது. கல்விக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள் அது. நண்பர்கள் அதைக் காட்டும்போதெல்லாம் நான் ஆந்திரத்தில் மதனப்பள்ளி அருகிலுள்ள ரிஷிவேலியைக் காட்டுவேன்.

அங்கே 1980களின் பிற்பகுதியில் பத்மநாப ராவும் ரமாவும் சுற்றுக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளைத் தொடங்கினார்கள். ஓர் அறை, பல வயதுப் பிள்ளைகள், ஒரே ஆசிரியர். ஒரே பாடத்தை எல்லோருக்கும் சேர்த்து நடத்த முடியாது. அதனால் பாடநூலைச் சிறு சிறு செயல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதினார்கள். அட்டைகளின் வரிசைதான் கற்றல் ஏணி. சில அட்டைகள் சேர்ந்தது ஒரு மைல்கல்; ஒவ்வொரு மைல்கல்லுக்கும் அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு. மதிப்பீட்டில் தடுமாறினால் குறைதீர் பயிற்சி, தேறினால் வளமூட்டல். படச் சின்னத்தைப் பார்த்துத் தன் அட்டையைப் பிள்ளையே எடுத்துக்கொள்ளும். ஆசிரியரோடு உட்காருவதா, தோழனோடா, தனியாகவா என்பதையும் அந்த அட்டையே சொல்லிவிடும்.

இதில் என்னை ஆட்கொண்ட இடம் ஒன்று உண்டு. கடலைக்காய் பறிக்கப் போய்ப் பத்து நாள் வராத பிள்ளை திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்தே தொடரலாம். வகுப்பு அதைக் கடந்து போயிருக்காது. வருகையின்மையைக் குற்றமாகப் பார்க்காமல், அதற்கும் சேர்த்தே பாடத்தைத் திட்டமிட்டிருக்கிறார்கள். மின்சாரம் இல்லாத அறையிலும் இது நடக்கும். இதைத் தொழில்நுட்பம் என்று ஏற்காத பாடத்திட்டத்தை நான் ஏற்க மாட்டேன்.

2003இல் சென்னை மாநகராட்சி இம்முறையை 13 பள்ளிகளில் தொடங்கியது. பின்னர் அது செயல்வழிக் கற்றலாகத் தமிழ்நாடெங்கும் பரவியது. அட்டை ஆசிரியரை மேற்பார்வையாளராக்கிவிட்டது என்ற மறுப்பை நான் தள்ளிவிடவில்லை. ரிஷிவேலியில் கிராமத்து ஆசிரியர்களே தங்கள் ஊர்க் கதைகளைக் கொண்டு அட்டை எழுதினார்கள். அந்த வேலையை ஆசிரியர் கையிலிருந்து எடுத்துவிட்டால் மறுப்பு நியாயமாகிவிடும்.

நேரம் குறைவு. 1789இல் எழும்பூரில் ஆண்ட்ரூ பெல் மணலில் எழுதவைத்துப் பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்ததையும், 1975-76இல் ஆந்திரம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழி தொலைக்காட்சி வந்ததையும், கருவி முதலா வடிவமைப்பு முதலா என்ற இதே கேள்வியோடு ஒப்பிட வேண்டும்.

இளம் ஆய்வாளர்களுக்குச் சில வேலைகள்: ரிஷிவேலியின் பழைய தெலுங்கு அட்டைகளையும் சென்னைத் தமிழ் அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் படிகளை ஒப்பிடுங்கள். ஆந்திர எல்லையோரத் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஓர் ஏணி எழுதிப் பாருங்கள். கலம்காரிப் பட்டறைகளில் கடுக்காய் ஊறவைப்பது முதல் கோடு இழுப்பது வரை பழகுநருக்கு எந்த வரிசையில் சொல்லித்தருகிறார்கள் என்பதைக் குறித்துவையுங்கள். மதிப்பீட்டு அட்டைகளைப் பற்றியும் தனியே பேச வேண்டும். அதை அச்சில் விரிவாக எழுதுகிறேன்.