ஆய்வுக்கூடத்து எலியும் நம் அறநெறியும்



நம்மில் பலர் உழவர் குடியினர். நெல்லுக்கும் மணிலாவுக்கும் மருந்தடித்துப் பழகியவர்கள். அம்மருந்துப் புட்டியின்மேல் ஒரு சாய்சதுரம் அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதன் கீழ்ப்பாதி சிவப்பாயின் கொடிய நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை படிப்படியாகக் குறையும். அந்நிறத்தை முடிவு செய்வது எது? ஆய்வுக்கூட விலங்குகளுக்கு அந்நஞ்சை ஊட்டி, அவற்றுள் பாதி மடிய எவ்வளவு போதும் என்று கண்ட கணக்கே. உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் பாதி மடிந்தால் சிவப்பு. 5,000 மில்லிகிராமுக்கு மேல் வேண்டுமாயின் பச்சை. வயலில் மடியும் புழுபூச்சிகளின் கணக்கு வேறு. நம் வரப்பில் கிடக்கும் வெற்றுப் புட்டிக்கும் எங்கோ ஒரு கூண்டில் இறந்த எலிக்கும் தொடர்பு உண்டு.

நம் ஆசாரியர்கள் இம்சையை நால்வகையாகப் பகுத்தனர். இல்லறப் பணிகளில் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு, வாணிகம் முதலிய தொழில்களில் நேர்வது உத்தியோக இம்சை. தற்காப்பில் நேர்வது விரோத இம்சை. எண்ணித் துணிந்து செய்வது சங்கற்ப இம்சை. முதல் மூன்றையும் இல்லறத்தார் இயன்றவரை குறைத்தல் வேண்டும். நான்காவதை அறவே விடல் வேண்டும். ஆய்வுக்கூடத்துக் கொலை எவ்வகை? மக்கள் நலம் கருதியதாதலின் தொழில்வகையே என்பாரும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாளும் அளவும் எண்ணிக்கையும் குறித்துச் செய்வதற்குச் சங்கற்பம் என்பதே பெயர்.

எனினும் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கூண்டை மட்டும் பழித்து விலகுதல் நமக்கு இயலாது. முற்றும் நிறுத்தும் நாள் வரும்வரை குறைக்கும் வழியை நாடவேண்டும். 1959-இல் ரசல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் மூன்று நெறிகளை வகுத்தனர்: விலங்குக்கு மாற்றுக் காணல், எண்ணிக்கை குறைத்தல், துன்பம் தணித்தல். பின்னிரண்டுக்கும் உதவுவது பொது விலங்குக்கூடம்.

ஒவ்வோர் ஆய்வாளரும் தனித்தனியே எலி வளர்த்தால், வேண்டிய வயதும் பாலும் அமையாத குட்டிகள் வீணே மடியும். பல துறையினர்க்கும் ஒரே கூடமாயின் இவ்வீண் குறையும். ஓர் உயிரின் நுரையீரலை ஒருவரும் ஈரலை மற்றொருவரும் ஆராயலாம். உடனே வேண்டாத இனத்தைக் கருவாக உறையவைத்துக் காக்கலாம். பயின்ற கைகளும் கால்நடை மருத்துவரும் உடனிருப்பதால் நோவும் தணியும்.

அக்கூடத்தைப் பேணுவது எளிய வேலையன்று. 1998-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில், பட்ரீசியா ஹண்ட் என்னும் அம்மையார் சுண்டெலிகளின் கருமுட்டைகளை ஆராய்ந்துவந்தார். ஒப்பீட்டுக்கென ஒன்றும் கொடாது வைத்திருந்த எலிகளிலேயே திடீரெனக் குரோமோசோம் கோளாறுகள் மிகுந்தன. காரணம் தேடியபோது, கூண்டு கழுவுமிடத்தில் தவறான காரச் சோப்பு பயன்பட்டது தெரிந்தது. பாலிகார்பனேட் கூண்டுகள் அரிபட்டு, பிஸ்பினால்-ஏ என்னும் வேதிப்பொருள் கசிந்திருந்தது. ஆய்வு கெட்டதென்று அவர் அவற்றை ஒதுக்கிவிடவில்லை. தொடர்ந்து ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார். குழந்தைகளின் பால்புட்டிகளும் அன்று அதே பிளாஸ்டிக்கில் வந்தன. பின்னர்ப் பல நாடுகள் பால்புட்டியில் அப்பொருளைத் தடை செய்தன.

நம் நாட்டில் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் முயற்சியால் 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. சிறிய விலங்கில் ஆராய இயலுமாயின் பெரிய விலங்கைத் தவிர்க்க என்கிறது அது. இங்கே சட்டம் உருவத்தை அளக்கிறது. நாம் பொறியை எண்ணுகிறோம். எலியும் ஐம்பொறி உயிரே.

ஆயினும் அச்சட்டத்தின் வழிவந்த விதிகளில் நமக்கொரு வாயில் உள்ளது. விலங்காய்வு நடக்கும் நிறுவனந்தோறும் ஒரு நெறிக்குழு இருத்தல் வேண்டும். அதில் அறிவியல் துறை சாராத, சமூக அக்கறையுடைய ஒருவர்க்கும் இடமுண்டு. "இத்தனை உயிர்கள் எதற்கு? இதை முன்பே எவரும் கண்டறியவில்லையா? வேறு துறையினர் கொன்ற உயிரின் உறுப்பே போதாதா?" என்று அவர் கேட்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் நம்மிடையே பலர் இருக்கிறீர்கள். அவ்விருக்கைக்கு உறுப்பினரை நியமிப்பது நடுவணரசின் மேற்பார்வைக் குழு. விருப்பமுள்ளோர் அக்குழுவுக்கு இவ்வாண்டே எழுதுங்கள்.