மனசுல உள்ளது கோலத்துல வரட்டும்

விடியுமுன்னே ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுறவங்க நாம. தவணை நாள் நெருங்குனா தூக்கம் வராது. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, பிள்ளைங்க மேல எரிச்சல், இதெல்லாம் மன அழுத்தந்தான்.

எங்க குழுவுல, "இந்த வாரம் மனசு எப்படி இருந்துச்சோ அப்படி ஒரு கோலம் போடுங்க" என்று தாளும் கலர் பென்சிலும் கொடுத்தோம். ஒருத்தர் சிக்குக் கோலத்தைப் பாதியில விட்டுக் கறுப்பைப் பூசினார். கேட்ட பிறகுதான் கந்துவட்டிக் கடன் வெளியே வந்தது. குழுக்கடன் கொடுத்து அதை அடைச்சோம்.

சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங், 1918-19இல் காலைதோறும் வட்டச் சித்திரம் வரைந்து தன் மனநிலையைக் கவனித்தார். நமக்கு அது வாசல்லயே இருக்கு! ஆனா கறுப்புன்னா கவலைன்னு நாமளா முடிவு பண்ணக்கூடாது, வரைஞ்சவங்களே சொல்லட்டும். நாள்கணக்கா தூக்கமில்லைன்னா 14416க்குப் போன் பண்ணுங்க. தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.