பரங்கிமலைக் கல்லும் பூந்தமல்லிப் பள்ளமும்
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"சாப்பாட்டுக்கு முன்னால கல்லைப் பற்றிப் பேசப் போறியா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆமாம், கல்லைப் பற்றித்தான். ஆனால் இது சாதாரணக் கல் இல்லை.

கல்கத்தாவில் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. அதன் மேல் பதித்த கல் நம்ம பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அதை ஆராய்ந்து 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். பெயர் கல்கத்தாக்காரருடையது, கல் நம்முடையது! நாம் 'கருங்கல்' என்று சொல்லி அஸ்திவாரத்துக்குப் போடுகிறோமே, அதில் பெரும்பகுதி இதுதான்.

இந்தக் கல்லின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். இதில் உள்ள ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம், 700 டிகிரிக்கு மேல் வெப்பமும் மிகக் குறைந்த நீரும் உள்ள இடத்தில் உருவானது. அப்படிப்பட்ட இடம் பூமிக்குள் ஏறக்குறைய 20, 25 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே இருந்த கல் இன்று திரிசூலத்தில் ரயிலில் போகும்போதே தெரிகிறது. எப்படி மேலே வந்தது?

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அரிப்பு. சரக்கு இறக்க இறக்கத் தோணி மேலே எழும்புகிறதல்லவா? அதுபோல மழையும் ஆறும் மேல்மண்ணைக் கரைத்துக்கொண்டு போகப் போக, அடியில் உள்ள பாறை மெல்ல எழும்பும். இது நிதானமான வழி.

இன்னொன்று, இழுவை. பிசைந்த பரோட்டா மாவை மூடாமல் வைத்தால் மேலே காய்ந்து ஆடை கட்டும். இரு பக்கமும் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஆடை வெடித்துத் துண்டு துண்டாகச் சாய்ந்து விலகும். நடுவே உள்ளிருக்கும் மெத்தென்ற மாவு எழும்பி வெளியே தெரியும். பூமியின் மேலோட்டிலும் இதேதான். மேல்பகுதி, சரிவு குறைந்த ஒரு பிளவின் வழியே வழுக்கி விலக, சூட்டில் இளகிய ஆழப் பாறை குவிமாடம் போல எழும்புகிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் டூசான் நகருக்குப் பக்கத்தில் உள்ள சாண்டா கேட்டலினா மலை இப்படி வந்தது. நம் நாட்டில் இமாச்சலப் பிரதேசத்தின் லியோ பார்கில் மலையும் இவ்வகைதான். பப்புவா நியூகினியின் கிழக்கே உள்ள தீவுகளில் மிக ஆழத்துப் பாறைகள் கடந்த 80 லட்சம் ஆண்டுகளுக்குள் மேலே வந்துவிட்டன. புவியியல் கணக்கில் அது எக்ஸ்பிரஸ் வேகம்!

சரி, பல்லாவரத்துக் கல்லும் இழுவையால் வந்ததா? இங்கேதான் நம்ம ஏரியா சாட்சி சொல்கிறது. சுமார் 12, 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்தபோது இந்தப் பகுதியும் இழுபட்டது. பாலாறு வடிநிலம் எனப்படும் பள்ளம் அப்போது உண்டானதுதான். அதில் களிமண்ணும் மணலும் செடிகொடிகளும் படிந்து, ஸ்ரீபெரும்புதூர் படிவுகள் ஆயின. பூந்தமல்லி, ஆவடிப் பக்கம் ஆழமாக போர் போட்டால் வரும் கரும்பலகை போன்ற களிப்பாறை இந்த இனம்தான்.

அந்தப் படிவுகள் நேராகப் பழைய சார்னோகைட், நைஸ் பாறைகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அப்படியானால் இழுவை வருவதற்கு முன்பே அந்தப் பாறை தரைமட்டத்துக்கு வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? ஆகவே இந்த இழுவை கல்லை ஆழத்திலிருந்து தூக்கவில்லை. நம்ம நிலம் பழையது, ஆறிப்போனது, கெட்டியானது. மாவு மாதிரி இளகாமல் அப்பளம் மாதிரி ஒடிந்தது. ஒரு பக்கம் இறங்கிப் பள்ளமானது. பல்லாவரம் பக்கம் மேட்டிலேயே நின்றது. ஒரே இழுவைதான், ஆனால் சூடான நிலம் குவிமாடமாகும், ஆறிய நிலம் பள்ளமாகும்.

இதைத் தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். கருங்கல்லில் தண்ணீர் வெடிப்புகளில்தான் ஓடும். களிப்பாறை தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லேசில் விடாது. பக்கத்துத் தெருவில் தண்ணீர் வந்தது என்று நம்பி நாமும் போர் போட்டுப் பணத்தைக் கொட்டுகிறோமே, அதற்கு முன் அடியில் என்ன பாறை என்று கேட்க வேண்டாமா?

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பல்லாவரத்துச் சார்னோகைட்டைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். ஆனால் அதைச் சுற்றியிருந்த குன்றுகளில் பல ஜல்லியாகிப் போய்விட்டன. மண்ணுக்கு அடியில் உள்ள சாட்சியாவது மிஞ்சட்டும். அம்பத்தூரிலோ ஆவடியிலோ வீடு கட்டும் நண்பர்களே, போர் போடும்போது பத்தடிக்கு ஒரு பிடி தூளைப் பையில் போட்டு, ஆழத்தை எழுதி, நம் கல்லூரிக்குக் கொடுங்கள். தம்பி தங்கைகள் அதை அடுக்கி வைத்தால், பத்து வருடத்தில் நம் காலடி நிலத்தின் வரைபடம் நம் கையில் இருக்கும்.