முதலில் நடப்பவர் மேல் விழும் பாரம்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தீய வழக்கமொன்றை ஒழிக்க வேண்டும் என்று மேடையில் முழங்குதல் எளிது. அதனை முதலிற் கைவிடும் குடும்பத்திற்கு நேரும் இடர் யாது, அதனைத் தாங்குவோர் யாவர் என்று முன்னரே ஆராய்தல் அரிது. இதற்குச் சீன நாட்டின் வரலாறு நல்லதொரு பாடமாகும்.

அந்நாட்டில் ஐந்தாறு வயதுப் பெண்குழந்தைகளின் பாதங்களை, விரல்கள் உள்ளே மடங்குமாறு துணியால் இறுகக் கட்டிச் சிறுக்கச் செய்யும் கொடிய வழக்கம் பல நூற்றாண்டுகள் நிலவியது. பெற்ற தாய் இரக்கமின்றியா இதனைச் செய்தாள்? இல்லை. பெரிய பாதமுடைய பெண்ணை மணப்பார் இலர் என்னும் அச்சமே காரணம். ஆகவே வெறும் அறிவுரை பயன்படவில்லை. அறிவுரையைக் கேட்டவன் தந்தை. அதனால் இடர்ப்படுபவள் மகள்.

1897-ஆம் ஆண்டில் லியாங் சிச்சாவ் முதலிய அறிஞர்கள் ஷாங்காய் நகரில் நிறுவிய சங்கம் இந்நுட்பத்தை உணர்ந்திருந்தது. உறுப்பினர் தம் பெண்களுக்குப் பாதங் கட்டலாகாது என்பது ஒரு விதி. தம் ஆண்மக்களுக்குப் பாதங் கட்டிய பெண்ணைக் கொள்ளலாகாது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்தபோது, மகளுக்கு மணமகன் கிடைப்பான் என்னும் உறுதி தாய்க்குப் பிறந்தது. வயது மிகுந்து கட்டவிழ்க்க இயலாத பெண்களோ, சங்கத்திற் பதிவு செய்துகொண்டால் சங்கக் குடும்பங்களிலேயே மணம் பெறலாம். முன்பே துன்புற்றவளைப் புதிய விதி மீண்டும் தண்டிக்கலாகாது என்னும் கருணையை இதிற் காண்கின்றோம்.

இதற்கு மாறானதும் நிகழ்ந்தது. 1917-க்குப் பின் ஷான்சி மாகாணத்தில் ஆளுநர் யென் ஷிஷான் அபராதம் விதித்தார். சோதிப்போரை வீடுதோறும் ஏவினார். எலும்பு மடங்கி வளர்ந்த பாதம் கட்டவிழ்த்த உடனே நிமிருமோ? நடக்கவும் நொந்த பெண்கள் ஒளிந்தனர். அதிகாரி சென்றபின் மீண்டும் கட்டிக்கொண்டனர். வழக்கத்தை ஒழிக்க வந்தவர், அவ்வழக்கத்தால் நொந்தவரையே மேலும் நோகச் செய்தனர்.

அன்பர்களே! வரதக்ஷிணை தீது என்று நாமும் கை தூக்குகின்றோம், அடியேனும் தூக்கியவனே. ஆயினும் பெண்ணைப் பெற்றவன் ஒருவன் தனித்து நின்று "கொடேன்" என்பானாயின், அவன் மகளன்றோ மணமின்றி இருப்பாள்? பெண் கொள்வதும் கொடுப்பதும் நமக்குள்ளேயே நிகழ்வதால், பிள்ளையைப் பெற்றோர் பலர் ஒருங்கே "வாங்கோம்" என்று பெயரெழுதிக் கையொப்பமிட்டால் அவ்வச்சம் நீங்கும். இடரைத் தாங்க வல்லவரே முன்னே நடத்தல் வேண்டும்.

எனக்கும் ஒரு மகன் உளன். முதற் கையொப்பம் என்னுடையதாகுக. அடுத்தது யாருடையது?