தனியாக நிற்கும் பிள்ளை
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், வீட்டுப் பிரச்சினை என்று பேசிப் பழகிய இந்த மேடையில் இன்று பள்ளிக்கூடத்துச் சங்கதி ஒன்றைப் பேச வந்திருக்கிறோம். இது சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்கக்கூடும். முழுதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நம் நெகிரி செம்பிலானில் ஒரு தோட்டத்தில் நடந்தது இது. தோட்டத்தின் பேரும் வேண்டாம், பள்ளியின் பேரும் வேண்டாம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்புக்குப் போன பையன் ஒருவன். ஞாயிறு இரவானால் அவனுக்கு வயிற்றுவலி. திங்கள் காலையில் அது இரட்டிப்பாகும். தாயார் விடியுமுன் பிரட்டுக்குப் போகிறவர்; மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துவிட்டு வீடு திரும்ப மதியம் தாண்டிவிடும். ஓமத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு ஓடுவார். இரண்டு மாதம் கழித்துத்தான் விஷயம் வெளிவந்தது. பள்ளிப் பஸ்ஸில் மூன்று பெரிய பையன்கள் அவன் ஏறியதும் மூக்கைப் பிடித்துக்கொள்வார்களாம். "கட்டிப்பால் வாடை வருது" என்பார்களாம். ஓய்வு நேரக் காசையும் நாள் தவறாமல் வாங்கிக்கொள்வார்களாம். பையன் தன் சட்டையைத் தானே துவைத்துத் துவைத்துக் கழுத்துப்பட்டை நைந்துபோயிருந்தது. அதைப் பார்த்த தாயார், பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்!

தகப்பனார் என்ன செய்தார்? "ஆம்பளைப் பிள்ளைக்குத் திருப்பி அடிக்கத் தெரியாதா?" என்று அவனையே ஓர் அறை அறைந்தார். மறுநாள் பையன் தண்ணீர்ப் போத்தலால் ஒருவனை அடித்தான். கட்டொழுங்குப் புத்தகத்தில் ஏறியது அவன் பேர்தான். பிறகு நால்வரையும் நிறுத்திக் கைகுலுக்கச் சொல்லி, "இனிச் சண்டை போடாதீர்கள்" என்று அனுப்பிவிட்டார்கள்.

தோழர்களே, சண்டை என்பது சமமான இருவருக்குள் நடப்பது. இது சண்டையல்ல. தனியாக ஒரு வெட்டுக்காரனை மானேஜர் முன் நிறுத்தி, "இருவரும் சமாதானமாகப் போங்கள்" என்றால் நாம் ஒப்புக்கொள்வோமா? அந்த அநியாயத்துக்காகத்தானே 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கண்டோம்? பெரியவர்களுக்கு ஒரு நியாயம், பிள்ளைகளுக்கு ஒரு நியாயமா?

இன்றைய பத்திரிகைகள் இதற்குப் 'பகடிவதை' என்று பேர் வைத்திருக்கின்றன. பகடி என்றதும் விளையாட்டுப்போல் தோன்றுகிறது. பின்னால் இருக்கும் 'வதை'யைப் பலர் படிப்பதே இல்லை.

நார்வே நாட்டில் 1982-இல் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமையே காரணமென்று நாடு பதறியது. அடுத்த ஆண்டே பள்ளிகள்தோறும் இயக்கம் தொடங்கினார்கள். பேர்கன் நகரில் 42 பள்ளிகளில், ஏறக்குறைய 2,500 பிள்ளைகளை ஒல்வேயஸ் என்னும் பேராசிரியர் இரண்டாண்டுகளுக்கு மேல் கவனித்தார். கொடுமை பாதியளவுக்குக் குறைந்தது. ஏதோ மந்திரம் போட்டார்கள் என்று எண்ணவேண்டாம். ஓய்வு நேரத்தில் ஆசிரியர்கள் அறைக்குள் உட்காராமல் திடலில் நடந்தார்கள். வகுப்புக்கு வகுப்பு விதி வகுத்தார்கள். வேடிக்கை பார்க்கும் பிள்ளைக்கும் பொறுப்புண்டு என்று சொல்லிக் கொடுத்தார்கள். அடித்தவனின் பெற்றோரையும் அழைத்துப் பேசினார்கள். நம் பள்ளிகளில் இவற்றுள் எது செய்ய முடியாதது? கழிவறைப் பக்கமும் பஸ் நிற்கும் இடமும் யார் பார்வையிலும் இல்லை. அடி விழுவது அங்கேதான்.

அந்தத் தாயார் பிறகு செய்ததைக் கேளுங்கள். சங்கத்துப் புகார் எப்படி எழுதுவோம்? தேதி, நேரம், இடம், சாட்சி. அதேபோல் ஒரு கணக்குப் புத்தகத்தில் பையன் சொல்லச் சொல்ல அவன் அக்காளைக்கொண்டு எழுதிவைத்தார். மூன்று வாரம். பிறகு ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, அதே பஸ்ஸில் பிள்ளை அனுப்பும் மூன்று தாய்மார்களையும் கூட்டிக்கொண்டு போய்த் தலைமையாசிரியர் மேசையில் புத்தகத்தை வைத்தார். தனியாகப் போனபோது உட்காரச் சொல்லாதவர்கள், நால்வராகப் போனதும் நாற்காலி போட்டார்கள்.

சட்டமும் இப்போது கைகொடுக்கிறது. 2024 ஜூலையில், டிக்டாக்கில் இழிசொற்களால் துன்புறுத்தப்பட்ட நம் இனப் பெண் ஒருவர் உயிரை விட்டார். துன்புறுத்திய ஒருவருக்குக் கிடைத்த அபராதம் 100 ரிங்கிட். நாடே கொதித்தது. தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் பகடிவதை தனிக் குற்றமாகியிருக்கிறது. ஆபத்திலுள்ள பிள்ளைக்காக 15999 என்ற அரசாங்க எண்ணை அழைக்கலாம். ஆனால் சிறுவனைப் போலீசுக்கு இழுப்பதில் நமக்கு ஆவலில்லை. அது வரை போகவிட்டால் தவறு நம்முடையது.

இனிச் சொல்லப்போவது கசப்பான பகுதி. அந்தப் பையனின் கதையை விசாரித்துக்கொண்டிருந்தபோதே இன்னொன்று தெரிந்தது. லயத்தில் கடைசி வீட்டுச் சிறுமி ஒருத்தியை, நம் பையனே சாதிப் பேர் சொல்லி விளையாட்டில் சேர்க்காமல் விரட்டி வந்திருக்கிறான். அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடமா கற்றுக்கொடுத்தது?

2011-இல் 'இண்டர்லோக்' நாவல், நெகிரி செம்பிலான் உட்படச் சில மாநிலங்களில் ஐந்தாம் படிவப் பாடமாக வந்தபோது, அதிலிருந்த சாதிச் சொல்லை எதிர்த்து நம்மவர்கள் திரண்டோம். அவ்வாண்டு முடிவில் பாடத்திலிருந்து நூலை எடுப்பதாக அரசாங்கம் அறிவித்தது. பிறர் எழுதினால் பொறுக்கமாட்டோம் என்றோம், சரிதான். அதே சொல்லைத் தண்ணீர்க் குழாயடியிலும் கல்யாணப் பேச்சிலும் தாராளமாகப் புழங்குகிறவர்கள் யார்? பிள்ளை காதில்லாதவனா? தகப்பன் குடித்துவிட்டு வந்து தாயை அடிக்கும் வீட்டில், எளியவனை அடிக்கலாம் என்ற பாடம் பள்ளிக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

இதைக் கமிட்டியில் சொன்னபோது அந்தத் தகப்பனார் வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் மாலை பையனைக் கூட்டிக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று நாம் கேட்கவில்லை.

கமிட்டி முடிவு இது: வரும் மாதம் முதல் காலையில் பஸ் வரும் இடத்தில், அன்று வேலைக்குப் போகாத பெரியவர் ஒருவர் முறைவைத்து நிற்பார். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு நம் கிளையிலிருந்து ஐவர் சேர்ந்து போவார்கள். முறைக்கு வரக்கூடியவர்கள் வெளியே போகுமுன் காரியதரிசியிடம் பேர் கொடுத்துச் செல்ல வேண்டுகிறோம். முதல் பேராக அந்தத் தகப்பனார் பேர் எழுதியாகிவிட்டது.