வரிப்பணமும் ஒரு கரண்டி மருந்தும்

(ஐதராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் கற்போர் கூட்டத்தில் பேசியது)



போன வாரம் இங்கே ஓர் அக்கா ஒரு கேள்வி கேட்டார். "அமைச்சகம் அமைச்சகம் என்கிறீர்களே, அதனால் நமக்கு என்ன லாபம்?" நல்ல கேள்வி. இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். 1968-ஆம் ஆண்டு. என் தம்பிக்கு நான்கு வயது. பகலில் ஓடியாடுவான். அந்தி சாய்ந்தால் போதும், வாசல்படியில் தடுக்கி விழுவான். தட்டில் இருக்கும் சோற்றைக் கையால் தடவித் தேடுவான். "விளையாட்டுப் புத்தி" என்று அம்மா திட்டினாள். அது மாலைக்கண் நோய் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வருடம் அவனுடைய ஒரு கண் போய்விட்டது. பிறகு அம்மா அழாத நாளில்லை.

மாலைக்கண் ஏன் வருகிறது? சாப்பாட்டில் வைட்டமின் ஏ என்ற சத்து குறைந்தால் வருகிறது. இதற்கு வழி கண்டவர்கள் யார்? நம் ஐதராபாத்தில், தார்நாகாவில், உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் ஒரு நிலையம் இருக்கிறது. அதன் பெயர் தேசிய ஊட்டச்சத்து நிலையம். அங்கே இருப்பவர்கள்தான்.

அந்த நிலையம் பிறந்தது எங்கே தெரியுமா? நம் தமிழ்நாட்டில்தான். 1918-இல் நீலகிரி மாவட்டம் குன்னூரில், ஓர் அறையில் தொடங்கியது. ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் தொடங்கினார். பெரிபெரி என்ற நோயை ஆராய்வதுதான் முதல் வேலை. அரிசியை அதிகமாகத் தீட்டினால் தவிட்டோடு சத்தும் போய்விடும். அந்த அரிசியையே தின்பவர்களுக்குப் பெரிபெரி வரும். 1958-இல் அந்த நிலையம் ஐதராபாத்துக்கு வந்தது.

1960-களில் இந்த நிலையத்தார் கிராமங்களுக்குப் போனார்கள். குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ மருந்தை ஒரே தடவையில் அதிகமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏன் அப்படி? நம் கல்லீரல் இந்தச் சத்தைச் சேமித்து வைக்கும். பல மாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு செய்யும். குதிரில் நெல்லைக் கொட்டி வைப்பது போல. எனவே தினமும் மருந்து வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும்.

1970-இல் மத்திய அரசு இதை நாடு முழுவதற்குமான திட்டமாக ஆக்கியது. என் தம்பியின் கண் போனது அதற்கு முந்திய வருடம்.

இதில் அமைச்சகங்களின் வேலை என்ன? சோப்பு வாங்குகிறோம். அதன் விலையில் வரியும் சேர்ந்திருக்கிறது. இப்படி நாம் எல்லோரும் கொடுக்கும் பணம் நிதி அமைச்சகத்துக்குப் போகிறது. எதற்கு எவ்வளவு செலவு என்று அது திட்டம் போடுகிறது. அதற்குப் பெயர் பட்ஜெட். நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தர வேண்டும். சுகாதார அமைச்சகத்துக்கு ஒரு பங்கு வருகிறது. அதிலிருந்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்குப் பணம் போகிறது. ஐதராபாத் நிலையம் அந்தக் கழகத்தைச் சேர்ந்தது.

கல்வி அமைச்சகத்துக்கும் இதில் பங்கு உண்டு. பள்ளியில் மதிய உணவு போடுகிறார்களே, அது அந்த அமைச்சகத்தின் திட்டம். 1995-இல் மத்திய அரசு இதைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் காமராஜர் 1956-லேயே தொடங்கிவிட்டார். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறுமா? கண் தெரியாத பிள்ளை பலகையைப் படிக்குமா? படிக்காத பிள்ளைக்கு நாளை நல்ல வேலை கிடைக்குமா? ஆராய்ச்சி, கல்வி, வருமானம் மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன?

உங்கள் குழந்தையின் தாய் சேய் நல அட்டையை எடுங்கள். வைட்டமின் ஏ கட்டத்தைப் பாருங்கள். 9 மாதம் முடிந்ததும் முதல் முறை. ஒன்றரை வயதுக்குள் இரண்டாம் முறை. 2 வயதிலிருந்து 5 வயது வரை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை. மொத்தம் 9 முறை. அட்டை தெலுங்கில் இருக்கலாம். தேதி எண்ணில்தான் இருக்கும். எண் படிக்க நமக்குத் தெரியுமே! கட்டம் காலியாக இருந்தால் அங்கன்வாடியில் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். அது நம் பணம். ஆனால் ஒன்று: இந்த மருந்து அளவு மீறினால் கெடுதல். நாமாகக் கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது.

வீட்டில் முருங்கைக்கீரை சமையுங்கள். கொஞ்சம் எண்ணெய் சேருங்கள். அப்போதுதான் சத்து உடம்பில் சேரும். பப்பாளி, மாம்பழம், பரங்கிக்காய், பால், முட்டை எல்லாம் கண்ணுக்கு நல்லவை.

எங்கள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கேட்கவும் தெரியாது. நமக்கு இப்போது இரண்டும் தெரியும். இன்று வீட்டுக்குப் போனதும் அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு அட்டையையும் படித்துச் சொல்லுங்கள்.